பிள்ளையார் ஆடியது அழுகுணி ஆட்டமா?

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பழனி வண்டி ஏறும் குடும்பத்தில் ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் மாம்பழக் கதை கட்டாயம் வந்துவிடும். தூரம் 60 கிலோமீட்டர். ஜன்னல் சீட்டுச் சண்டை ரெட்டியார்சத்திரம் வரைதான் தாங்கும். அதற்குமேல் பிள்ளையை உட்கார வைக்கக் கதை வேண்டும். நாரதர் கயிலாயத்துக்கு ஒரு பழம் கொண்டுவருகிறார். அதை வெட்டக் கூடாது, ஒருவர்தான் சாப்பிட வேண்டும். உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்கே பழம் என்று போட்டி வைக்கப்படுகிறது. முருகன் மயிலேறிப் பறக்கிறான். பிள்ளையார் அம்மையப்பனை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கை நீட்டுகிறார். பழம் அவர் கைக்குப் போய்விடுகிறது. கதை இந்த இடத்துக்கு வரும்போது வண்டி ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியிருக்கும். அம்மா மூச்சு விடுவதற்குள் கேள்வி வரும்:

"அப்ப பிள்ளையார் ஆடுனது அழுகுணி ஆட்டந்தானே?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். "சாமிய அப்பிடிச் சொல்லக் கூடாது, கன்னத்துல போட்டுக்க" என்பாள் அம்மா. பிள்ளை பயபக்தியோடு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்ளும். போட்டுக்கொண்டே, "அவரு உலகத்தச் சுத்தவே இல்லைல?" என்று மறுபடியும் கேட்கும்.

சிரிக்க வைக்கிற கேள்விதான். ஆனால் சிரிப்போடு விட்டுவிடக் கூடாத கேள்வி. பந்தயத்தின் சொல்லுக்குக் கட்டுப்படுவதா, அதன் பொருளுக்குக் கட்டுப்படுவதா? அன்பு காட்டுகிறவனுக்குப் பரிசா, உழைத்தவனுக்குப் பரிசா? தீர்ப்புச் சொல்கிறவரே பாராட்டப்பட்டவராகவும் இருந்தால் அந்தத் தீர்ப்பு நிற்குமா? பெரியவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதிய மூன்று விசாரணைகள் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. கேட்டது பால்பல் விழுந்த வாய் என்பதால் அதன் எடை குறைந்துவிடாது.

பெரியவர்கள் கைவசம் ஒரே ஒரு விடைதான் இருக்கிறது: "அம்மா அப்பாதான்டா உலகம்." சின்னப் பிள்ளைகள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிடும். எட்டு, ஒன்பது வயதானவர்களிடம் இது செல்லாது. அப்பா அம்மாதான் உலகம் என்று சொல்வதும் அப்பா அம்மாதானே என்று அவர்களுக்குப் பட்டுவிடுகிறது. "பிள்ளையாரு நல்லா ஐஸ் வெச்சிருக்காரு" என்று அக்காக்காரி சொல்லும்போது அவள் தொட்டிருப்பது நீதி வழங்குவதன் அடிப்படைச் சிக்கல். தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்காரக் கூடாது என்பதைச் சட்டக் கல்லூரியில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு தம்பி இருந்தால் போதும்.

ஒரே கதையை வயதுக்கு வயது வேறு விதமாகக் கேட்கிறார்கள் என்பதற்கு அறிவியல் சான்றும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஜீன் பியாஜே ஜெனீவா, நியூஷாதெல் ஊர்களில் கோலிக்குண்டு ஆடும் சிறுவர்களோடு உட்கார்ந்து, ஆட்டத்தின் விதிகள் எங்கிருந்து வந்தன என்று விசாரித்தார். குழந்தைகளின் அறவுணர்வு பற்றி அவர் 1932-இல் வெளியிட்ட நூலுக்கு அந்தக் கோலிக்குண்டுகளே அடிப்படை. சிறுபிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் தந்தது, மாற்றக் கூடாதது. சிலர் அது கடவுளிடமிருந்தே வந்தது என்றும் சொன்னார்கள். பத்து வயதை ஒட்டித்தான், எல்லாரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறது. பழனி வண்டியில் நடப்பதும் இதுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 'சுற்ற வேண்டும்' என்றால் சுற்றியே ஆக வேண்டும். பத்து வயதுக்காரன், "உலகம்னா எதுன்னு மொதல்லயே கேட்டுக்கிட்டிருக்கணும்" என்று வக்கீலைப் போலப் பேசுகிறான்.

இன்னொரு குறுக்குக் கேள்வி பழத்தைப் பற்றியது. ஏன் வெட்டக் கூடாது?

பங்கு என்பது பிள்ளைகளுக்கு உயிர்ப் பிரச்சினை. கத்தி இல்லாத இடத்தில் கடலை மிட்டாயைச் சட்டை நுனியில் பொதிந்து, எச்சில் படாமல் காக்காக் கடி கடித்துப் பாதியாக்கும் கலை நம் ஊர்த் தெருக்களில் பரம்பரையாக வருகிறது. "சாமி காக்காக் கடி கடிச்சிருக்கலாம்ல?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அதற்கு எந்த ஓதுவாராலும் சட்டென்று பதில் சொல்ல முடியாது. எர்ன்ஸ்ட் ஃபேர் குழுவினர் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள சுவிஸ் குழந்தைகளிடம் மிட்டாய் கொடுத்துப் பங்கிடச் சொன்ன ஆய்வு 2008-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. மூன்று, நான்கு வயதில் பெரும்பாலும் தன் பங்குதான் பெரிது. ஏழு, எட்டு வயதில் சமபங்கு நியாயம் வேரூன்றிவிடுகிறது. அமெரிக்காவில் அலெக்ஸ் ஷா, கிறிஸ்டினா ஓல்சன் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட வேடிக்கையானது. அறையைச் சுத்தம் செய்த இரண்டு பையன்களுக்கு ஐந்து ரப்பரைப் பிரித்துத் தர வேண்டும். ஆளுக்கு இரண்டு போக ஒன்று மிச்சம். ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர், ஒருவனுக்குக் கூடுதலாகப் போவதைவிட அந்த ரப்பர் குப்பைக்குப் போகட்டும் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் கயிலாயத்தில் இருந்திருந்தால் பழம் நாரதரிடமே திரும்பிப் போயிருக்கும்.

இந்த மாதிரிக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லவே கூடாது என்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வாதாடியிருக்கிறார். பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் பாகத்தில், தெய்வங்கள் தங்களுக்குள் சண்டை போடும் கதைகளையும், தந்தை மகனைத் தூக்கியெறிந்த கதையையும் பிள்ளைகள் காதில் போடக் கூடாது என்று வருகிறது. உள்ளர்த்தம் எது, மேலர்த்தம் எது என்று பிள்ளைக்குத் தெரியாது. அந்த வயதில் பதிந்தது அழியாது. தெய்வம் என்றால் நல்லது மட்டுமே செய்வதாகக் காட்ட வேண்டும் என்பது வாதம். பிளேட்டோ பழனி பக்கம் வந்திருந்தால் மாம்பழக் கதைக்குத் தடை போட்டிருப்பார்.

அவர் கவலையை ஒதுக்கிவிட முடியாது. குறையே இல்லாதவனுக்குக் கோபம் எப்படி வரும்? ஒரு பழத்துக்காக வீட்டை விட்டுப் பழனிக்குப் போன முருகனை எப்படிக் கும்பிடுவது? நம் பெரியவர்கள் இதற்கு, "அதெல்லாம் சாமியோட விளையாட்டு" என்கிறார்கள். 1965-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' படமும் இந்தக் கதையில்தான் தொடங்குகிறது; கே.பி. சுந்தராம்பாள் ஔவையாராக வந்து மலையில் முருகனைச் சமாதானப்படுத்திய காட்சி மூன்று தலைமுறைக்கு மனப்பாடம். ஆனால் விளையாட்டு என்று பெரியவர்கள் சொல்வது ஒன்று, பிள்ளைகள் கேட்டுக்கொள்வது இன்னொன்று. பெரியவர்களுக்கு விளையாட்டு என்றால் பெரிதுபடுத்த வேண்டாதது. பிள்ளைகளுக்கு அதைவிட முக்கியமான காரியம் வேறில்லை. அதில் அழுகுணி ஆடினால் மன்னிப்பே கிடையாது. ஆகவே சமாதானமாகச் சொன்ன வார்த்தையே குற்றச்சாட்டைக் கனமாக்கிவிடுகிறது.

தமிழ்ப் பக்தி மரபு பிளேட்டோ போன வழியில் போகவில்லை. போகாதது நல்லது என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. தெய்வத்தின் குறும்பை மறைக்காமல், அதற்கென்று ஓர் இலக்கிய வகையையே இங்கே வைத்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் ஆண்பால் பிள்ளைக்குப் பத்துப் பருவம். அதில் சிற்றில் பருவம், சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டைக் காலால் எற்றிச் சிதைக்க வரும் தெய்வக் குழந்தையிடம் "உடைக்காதே" என்று கெஞ்சுவது. பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனைப் பாடியபோதும், குமரகுருபரர் புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசாமியைப் பாடியபோதும் இந்தப் பருவத்தை விடவில்லை. பிறர் வீட்டை உடைப்பவனே பாட்டுடைத் தலைவன். புலவர் பேசுவதோ வீடு உடைபடும் சிறுமிகளின் குரலில்.

அம்புலிப் பருவம் இன்னும் சுவாரசியம். நிலாவைப் பிள்ளையோடு விளையாட வரச்சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்குச் சாம, தான, பேத, தண்டம் என்று அரசியல் நூலின் நான்கு உபாயங்களையும் கையாள வேண்டும் என்பது மரபு. சாயங்காலம் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு மேல் நிலா ஏறும் நேரத்தில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ரசஞ்சோற்றுக் கிண்ணத்தோடு நிற்கும் அப்பத்தாவைக் கவனித்தால் நான்கும் வரிசையாக வரும். "எஞ்சாமில்ல, எந்தங்கமில்ல" என்பது சாமம். "இத வாங்கிக்கிட்டா முறுக்கு தருவேன்" என்பது தானம். "பாரு, பக்கத்து வீட்டுப் பாப்பா எல்லாத்தையும் தின்னுருச்சு" என்பது பேதம். நான்காவது, தெருக்கோடியில் நிற்பதாகச் சொல்லப்படும் பூச்சாண்டி. பிள்ளைத்தமிழில் மிரட்டல் நிலாவுக்கு, மாடியில் மிரட்டல் பிள்ளைக்கு. அது ஒன்றுதான் வேறுபாடு. நான்கும் தோற்று, சோறு மறுபடியும் கிண்ணத்துக்கே வந்துவிடுவதும் உண்டு.

கோபித்துக்கொண்ட பிள்ளையின் கதை பழனி மலையடிவாரத்துக்கு மட்டும் உரியதல்ல. திண்டுக்கல் தனி மறைமாவட்டமானது 2003-இல். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே தேவாலயங்களும் மறைக்கல்வி வகுப்புகளும் உண்டு. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனுக்கு அப்பா விருந்து வைக்கும் ஊதாரி மகன் கதையை அங்கே கேட்கும் பிள்ளைகள் கவலைப்படுவது ஊதாரிக்காக அல்ல, வீட்டிலேயே இருந்து வேலை பார்த்த மூத்தவனுக்காக. அவனுக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைத்ததில்லை என்று லூக்காவின் 15-ஆம் அதிகாரமே சொல்கிறது. ஆட்டுக்கறி அருமை தெரிந்த ஊர் இது. முத்தழகுபட்டியில் செபஸ்தியார் திருவிழாவுக்கு நேர்ச்சையாக வரும் ஆடு, கோழிகளைச் சமைத்து வந்தவர் எல்லாருக்கும் விருந்து போடுகிறார்கள். அந்தப் பந்தியில் வயிறாரச் சாப்பிட்ட பிள்ளை, மூத்த மகனுக்காக வருத்தப்படாமல் இருக்குமா? பேகம்பூர்ப் பக்கம் குர்ஆன் ஓதப் போகும் பிள்ளைகளுக்கு 12-ஆம் அத்தியாயமான யூசுஃபில், வாப்பா யூசுஃபையும் அவர் தம்பியையும் அதிகம் நேசிக்கிறார் என்று அண்ணன்கள் பொருமும் கதை வருகிறது. "எல்லாரையும் ஒரே மாதிரி வெச்சிருந்தா இந்த வம்பு வந்திருக்குமா?" என்று அங்கேயும் ஒரு குரல் எழாமல் இருக்காது.

ஊதாரி மகன் கதைக்கும் மாம்பழக் கதைக்கும் உள்ள ஓர் ஒற்றுமையை யோசித்துப் பார்க்க வேண்டும். மூத்தவன் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். அப்பா விருந்தை விட்டு வெளியே வந்து கெஞ்சுகிறார். முருகன் கோபித்துக்கொண்டு மலையேறுகிறான். அம்மையப்பன் தேடி வருகிறார்கள். இரண்டு இடத்திலும் கோபப்பட்ட பிள்ளைக்கு அடி இல்லை, அதட்டல் இல்லை. பெற்றவர்தான் படியிறங்குகிறார். மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா என்று லூக்கா சொல்லவில்லை. முருகன் போகவில்லை. நின்ற இடமே கோயிலாயிற்று.

ஔவையும் பெற்றோரும் முருகனிடம் சொன்ன சமாதானம், நீயே ஞானப்பழம் என்பது. தத்துவமாகப் பார்த்தால் உயர்ந்த வாக்கு. ஆனால் பொம்மைக் காரைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு, "நீதாண்டா என் தங்கக்கட்டி" என்று சொன்ன எந்த அம்மாவுக்கும் அந்த வாக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரியும். தங்கக்கட்டி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜட்டியோடு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழனியில் முருகன் கோவணத்தோடு நிற்கிறான் என்று கேள்விப்பட்ட பிள்ளைகளுக்கு அதில் வியப்பு ஒன்றும் இருப்பதில்லை. வியப்பெல்லாம் மற்ற அலங்காரங்களில்தான். காலையில் ஆண்டி, பிறகு வேடன், பாலசுப்பிரமணியன், சாயரட்சையில் ராஜா. "சாமிக்கு டெய்லி மாறுவேடப் போட்டியா?" என்று கேட்கிறார்கள்.

பிள்ளையார் செய்தது அழுகுணி ஆட்டம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தனக்கு உலகம் எதுவோ அதை அவர் மனதாரச் சுற்றினார். முருகனின் மனத்தாங்கலும் நியாயமானது. சொன்னதைச் சொன்னபடி செய்தவன் அவன். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதைப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். தவறு எங்கே என்று கேட்டால், ஒரே பழத்தை நடுவில் வைத்து இரண்டு பிள்ளைகளுக்குப் போட்டி வைத்ததில்தான். இந்தப் பதிலைக் கதையே தடுக்கவில்லை. தடுப்பது நம்முடைய 'கன்னத்தில் போட்டுக்கோ'தான்.

மலை ஏறும்போதும் இதே வழக்கு வேறு உருவில் நடக்கிறது. பழனி மலைக்கு 693 படி. 1966 முதல் விஞ்ச் இருக்கிறது, 2004 முதல் ரோப் கார். கால் கடுக்கப் படியேறி வந்த பையன், விஞ்சில் வந்த சித்தி மகன் மேலே ஜாலியாக உட்கார்ந்து சுண்டல் தின்பதைப் பார்க்கிறான். "நீ ஏறவே இல்ல. உனக்குத் திருநூறு கெடையாது." அப்பா குறுக்கே வந்து, சாமிக்கு எல்லாரும் ஒன்றுதான் என்கிறார். பையன் விடுவதாக இல்லை: "அப்ப நம்மளும் விஞ்சுலயே வந்திருக்கலாம்ல?"

இது வைணவர்கள் பல நூற்றாண்டு வாதாடிய விஷயம். தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல உயிர் முயல வேண்டும் என்றார்கள் வடகலையார். தாய் வாயால் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி போலச் சும்மா இருந்தாலே அருள் தூக்கிச் செல்லும் என்றார்கள் தென்கலையார். பழனிப் படிகளில் குட்டியை வயிற்றில் தொங்கவிட்டபடி தேங்காய் மூடிக்குக் காத்திருக்கும் குரங்குகளுக்குப் பஞ்சமில்லை. அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு, தான்தான் ஏறுவதாக நினைக்கும் மூன்று வயதுக்காரியை எந்தக் கலையில் சேர்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

மொட்டை போடும் மண்டபத்தில் கேள்விகள் அழுகையோடு கலந்து வரும். தாய்மாமன் மடியில் பிள்ளை. நாவிதர் தண்ணீர் தொட்டுத் தலையைத் தேய்க்கும்போதே முதல் அலறல். இரண்டு பெரியம்மாக்கள் கிலுகிலுப்பை ஆட்டுவார்கள், ஒருவர் போனில் பாட்டுப் போடுவார். கட்டணம் என்னவோ அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 செப்டம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. கிலுகிலுப்பைக்கும் ஐஸ்கிரீமுக்கும் ஆகிற செலவு குறையவில்லை. சந்தனம் பூசிக் கண்ணாடி காட்டியதும் அழுகை பட்டென்று நிற்கும். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஒரு நான்கு வயது கேட்கும்: "முருகனே மொட்டையாத்தான இருக்காரு? என் முடிய வாங்கி எங்க வெச்சுக்குவாரு?" தெய்வத்துக்குத் தேவை உண்டா, தேவையில்லாதவருக்குக் கொடுப்பது எதற்கு என்ற காணிக்கைத் தத்துவம் முழுவதும் அதில் இருக்கிறது.

அடிவாரத்தில் கிரிவலம் வரும்போது யோசிக்க இன்னொன்று கிடைக்கிறது. பழத்தைத் தவறவிட்டவன் மலைமேல் இருக்கிறான். லட்சக்கணக்கானவர்கள் அவனைச் சுற்றி வருகிறார்கள். "இப்ப நம்ம பிள்ளையாரு மாதிரி சுத்துறோமா?" என்று கேட்கிற பிள்ளை, பெரியவர்கள் கவனிக்காத ஒன்றைக் கவனித்துவிட்டது. அண்ணன் அம்மையப்பனுக்குச் செய்ததை ஊர் தம்பிக்குச் செய்கிறது. தைப்பூசத்துக்குக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு நடந்து வருகிறவர்கள், முருகன் செய்ததைப் போலத் தொலைவையும் கடக்கிறார்கள், பிள்ளையார் செய்ததைப் போல வலமும் வருகிறார்கள். கதையில் பிரிந்த இரண்டு வழிகளையும் சனங்கள் காலால் சேர்த்துவிட்டார்கள்.

பழத்துக்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். விருப்பாச்சி மலைவாழைப்பழத்தோடு நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் சேர்த்துப் பிசைந்த பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் அதுவே முதல். வெட்டக் கூடாத ஒற்றைப் பழத்தால் பிள்ளையை இழந்த கதையின் ஊரில், எது எந்தப் பழம் என்றே தெரியாதபடி பிசைந்து, கரண்டி கரண்டியாக எத்தனை பேருக்கும் கொடுக்கிறார்கள். இதில் சண்டைக்கே இடமில்லை என்று தோன்றும். வீட்டில் டப்பாவைத் திறந்து இரண்டு கிண்ணத்தில் போட்டுப் பார்த்தால் தெரியும். "அவளுக்கு மூணு கல்கண்டு, எனக்கு ரெண்டுதான்" என்று அண்ணன் எண்ணி முடித்திருப்பான். தங்கச்சி பேரீச்சைத் துண்டை நாக்கால் துழாவிக்கொண்டிருப்பாள்.

கிண்ணம் காலியானதும் அவளுக்கு இன்னொரு சந்தேகம் வரும். உலகத்தைச் சுற்றிப் பறந்தது மயில்தானே? முருகன் உட்கார்ந்துதானே போனார்? அப்படியானால் பழம் மயிலுக்குத்தானே போக வேண்டும்? விவரம் தெரிந்த தாத்தா ஒருவர் வீட்டில் இருந்தால், சூரசம்ஹாரத்தில் சூரபதுமன் மயிலான பிறகுதான் முருகனுக்கு அந்த மயிலே கிடைத்தது என்று கந்தபுராணத்தை எடுத்து வைப்பார். "அப்ப போட்டி நடந்தப்ப யாரு மேல ஏறிப் போனாரு தாத்தா?" என்பாள் அவள். தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இரு, பாத்துச் சொல்றேன்" என்று அலமாரிப் பக்கம் போவார்.